மஞ்சள் கோடு

அந்த மைதானத்தில் எது எல்லைக்கோடு என்று எனக்குப் பிடிபடவே இல்லை. பச்சை பிளாஸ்டிக் புல். அதன்மேல் வெள்ளையில் நெருக்க நெருக்கமாகக் கோடுகள், நடுநடுவே நீலத்தில் வளைவுகள், இவற்றுக்குள் ஒளிந்துகொண்டு மஞ்சளில் மெல்லிசாக ஒரு செவ்வகம். “மஞ்சளை மட்டும் பாருங்க மாமா. மத்ததெல்லாம் எங்களோடது இல்ல” என்று சொல்லிவிட்டு ஓடினாள் அக்கா மகள்.

மிச்சிகன் மாநிலம், டெட்ராய்ட்டை ஒட்டிய புறநகர் ஒன்றின் ஹைஸ்கூல். ஏப்ரல் இரண்டாம் வாரம். நம்மூரில் தெருமுனைக்கு நுங்கு வண்டி வந்திருக்கும். அங்கே நான் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் அத்தானின் கோட்டையும் மாட்டிக்கொண்டு அலுமினியப் படிவரிசையில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்த இடம் வழியாகக் குளிர் முதுகில் ஏறியது. எதிரணி கோல்கீப்பர் பெண், பந்து அந்தப் பக்கம் போனபோதெல்லாம் கையுறையோடு இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு குதித்துக்கொண்டே இருந்தாள்.

காரில் வரும்போதே கேட்டிருந்தேன்: “இந்தக் குளிர்ல ஏண்டா ஆடறீங்க? வேற மாசமே கிடைக்கலியா?”

“பசங்களுக்கு ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு நவம்பர்ல முடிஞ்சிரும் மாமா. எங்களுக்குப் பனி உருகினப்புறம்தான்.”

ரேஷன் கடையில் ‘அரிசி தீர்ந்துபோச்சு, கோதுமைதான் இருக்கு’ என்பார்களே, அந்தக் குரல். அதில் கோபமில்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் இருக்கிறது என்பதால் அவளுக்கு அது ஒரு செய்தியே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடி, மோதி, விழும் ஆட்டம். நம் கால்பந்துக்கு அங்கே சாக்கர் என்று பெயர். இந்தக் கட்டுரையில் ஃபுட்பால் என்றால் அவர்களுடையது, கால்பந்து என்றால் நம்முடையது. இல்லாவிட்டால் அந்த மைதானத்துக் கோடுகள்போலக் குழம்பிவிடும்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பிரித்தவர்கள் நாம். அமெரிக்கப் பள்ளி விளையாட்டுக்கு மூன்றே பருவம்: இலையுதிர்காலம், குளிர்காலம், வசந்தம். கோடையில் பள்ளியே கிடையாது. இலையுதிர்காலம் ஃபுட்பாலுக்கு. வெள்ளிக்கிழமை இரவு விளக்கைப் போட்டு, பேண்டு வாத்தியம் முழங்க, ஊரே திரண்டு வரும் திருவிழா அது. குளிர்காலம் உள்ளரங்கக் கூடைப்பந்துக்கு. வசந்தம் பேஸ்பாலுக்கு. இந்த வீட்டுக்குக் கால்பந்து பின்னால் வந்த விருந்தாளி. நாற்காலியெல்லாம் நிரம்பிய பிறகு வந்தவரை எங்கே உட்காரவைப்பது? ஐம்பது மாநிலத்துக்கும் தனித்தனிப் பள்ளி விளையாட்டுச் சங்கம் இருக்கிறது. ஆளுக்கொரு மூலையைக் காட்டினார்கள்.

நியூயார்க், நியூ ஜெர்ஸி, ஒஹையோ போன்ற வடக்கு மாநிலங்களில் ஆண், பெண் இரு தரப்புக்கும் இலையுதிர்காலம். டெக்சாஸில் ஃபுட்பால் டிசம்பரில் ஓய்ந்த பிறகு ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிக்கிறார்கள். ஃபுளோரிடா, அரிசோனா, ஹவாய் குளிர்காலத்தில். ஜார்ஜியாவும் அயோவாவும் வசந்தத்தில். மிச்சிகன், இல்லினாய், மிசௌரி, வட கரோலினா ஆகியவற்றில் பையன்கள் இலையுதிர்காலத்தில், பெண்கள் வசந்தத்தில். வட கரோலினாவிலிருந்து ஒரு மலையைத் தாண்டினால் டென்னஸி. அங்கே தலைகீழ்: பெண்கள் இலையுதிர்காலத்தில், பையன்கள் வசந்தத்தில். இரண்டு பக்கமும் ஒரே மழை, ஒரே வெயில்.

2018-19 கல்வியாண்டில் இந்தப் பள்ளி அணிகளில் ஆடியவர்கள் எட்டரை லட்சத்துக்கும் மேல். இத்தனை பேர் ஆடும் ஓர் ஆட்டத்துக்கு நாடு முழுவதற்கும் ஒரே பருவம் கிடையாது என்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. தட்பவெப்பம்தான் காரணம் என்பார்கள். பாதி உண்மை. ஃபுளோரிடாவில் ஆகஸ்டு மதியம் பிள்ளைகளை ஓடவிடுவது பாவம். பிளாஸ்டிக் புல்தரை காற்றைவிட மிக அதிகமாகத் தகிக்கும். அங்கே குளிர்காலம் நியாயமே. வடக்கில் எந்தப் பருவத்தை எடுத்தாலும் ஒரு முனையில் இடிக்கும். இலையுதிர்காலம் ஆகஸ்டுப் புழுக்கத்தில் தொடங்கி நவம்பர் இருட்டில் முடிகிறது. வசந்தம் பனியில் தொடங்கி இடி மின்னலில் முடிகிறது. கடைசி இடிச்சத்தம் கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை மைதானத்தில் கால் வைக்கக் கூடாது என்பது விதி. இருபத்தொன்பதாவது நிமிடத்தில் இன்னொரு இடி இடித்தால் கணக்கு முதலிலிருந்து.

ஆனாலும் வடக்கில் இரண்டில் ஒன்று என்றால் நான் இலையுதிர்காலத்துக்குத்தான் கை தூக்குவேன். ஒரே காரணம், தொடர் எங்கே போய் முடிகிறது என்பது. நாக் அவுட் சுற்றுகள் வரும் அக்டோபரில் தரை காய்ந்திருக்கும், காற்று இதமாக இருக்கும், பள்ளி முழு மூச்சில் நடந்துகொண்டிருக்கும். மேய்ன் மாநிலத்து லூயிஸ்டன் நகர ஹைஸ்கூல் 2015 நவம்பரில் மாநிலக் கோப்பையை வென்றது. மங்கிப்போன ஆலை நகரம் அது. சோமாலியாவிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்த அணியின் முதுகெலும்பு. உள்ளூர்க்காரர்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையே பல வருடக் கசப்பு இருந்த ஊர். ஏமி பாஸ் என்ற வரலாற்றாசிரியர் அந்த அணியைப் பற்றி ‘ஒன் கோல்’ என்ற தலைப்பில் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். பள்ளி நடக்கும் நாளில் கோப்பை வந்தால் மறுநாள் வகுப்பறைக்கும் அது வரும்.

வசந்தத் தொடருக்கு அந்த யோகம் குறைவு. மே முதல் இரண்டு வாரம் கல்லூரித் தரத்திலான ஏ.பி. தேர்வுகள். பிறகு பிராம் என்னும் ஆண்டிறுதி நடன விருந்து, பட்டமளிப்பு. மிச்சிகனில் பெண்கள் இறுதி ஆட்டம் ஜூன் நடுவில். அதற்குள் கடைசி வருட மாணவிகள் பலருக்குக் கறுப்பு அங்கி போட்டுச் சான்றிதழே கொடுத்தாகியிருக்கும். பள்ளியை விட்டு வந்தவள், பள்ளியின் பெயர் பொறித்த சட்டையில் பள்ளிக்காக ஓடுவாள். பார்க்க வகுப்புத் தோழிகளில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள்.

வசந்தத்துக்கும் வக்காலத்து வாங்க ஆள் உண்டு. கல்லூரிக் கால்பந்து இலையுதிர்காலத்தில் நடக்கிறது. அப்போது கல்லூரி கோச்சுகள் தங்கள் ஆட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். வசந்தத்தில்தான் வந்து பிள்ளைகளைப் பார்க்க முடியும் என்று வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் ஆள் பிடிப்பது பெரும்பாலும் கிளப் போட்டிகளில். ஒரே வாரக் கடைசியில் ஏராளமான அணிகளைப் பார்த்துவிடலாம் என்னும்போது, ஹைஸ்கூல் படிவரிசையில் வந்து எதற்கு நடுங்க வேண்டும்?

கிளப் என்பது தனிக்கதை. மாதக்கட்டணம், சீருடை, வெளியூர் ஹோட்டல் என்று அப்பாவின் பர்ஸைக் காலிசெய்யும் உலகம். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2007-ல் ‘டெவலப்மென்ட் அகாடமி’ என்று ஒன்றைத் தொடங்கி, 2012-ல் அதைப் பத்து மாதத் தொடராக நீட்டி, அதில் ஆடும் பையன்கள் ஹைஸ்கூல் அணிக்கு ஆடக் கூடாது என்றது. 2020-ல் அந்த அகாடமியே மூடப்பட்டது. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. மிகத் திறமையான பையன்கள் பலர் இன்றும் பள்ளி அணிப் பக்கம் வருவதில்லை. ஆகவே பருவச் சண்டை அவர்களுக்கானது இல்லை. கிளப்புக்குக் கட்ட வழியில்லாத லூயிஸ்டன் பிள்ளைகளுக்கும், நண்பர்களோடு சேர்ந்து ஆட ஆசைப்படும் சாதாரணப் பிள்ளைகளுக்கும்தான் பள்ளி அணி.

இந்தச் சண்டை நீதிமன்றம்வரை போயிருக்கிறது. நியூயார்க் நகரத்துக்கு வடக்கே வெஸ்ட்செஸ்டர் வட்டாரத்தில் மமரோனெக், பெல்ஹம் என்று இரண்டு கல்வி மாவட்டங்கள். மாநிலத்தின் பெரும்பாலான பள்ளிகளில் பெண்கள் கால்பந்து இலையுதிர்காலத்தில் நடக்க, இந்த இரண்டில் அப்போது பையன்களுக்கு இலையுதிர்காலம், பெண்களுக்கு வசந்தம். வட்டார, மாநிலக் கோப்பைப் போட்டிகளோ இலையுதிர்காலத்தின் முடிவில். என்ன அர்த்தம்? இந்தப் பெண்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் மாநிலக் கோப்பைக்கு வழியே கிடையாது. கோப்பையைக் கொடுத்துச் சில மாதம் கழித்துத்தான் இவர்கள் ஷூ லேஸ் கட்டுவார்கள். பெண்களுக்கும் விளையாட்டில் சம உரிமை தரும் 1972-ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டத்தைக் காட்டி இரண்டு குடும்பங்கள் வழக்குப் போட்டன.

மாவட்டங்களின் பதில் நம் எல்லாருக்கும் தெரிந்த அலுவலகப் பதில். இலையுதிர்காலத்தில் மைதானம் போதாது, கோச் போதாது, ரெஃப்ரி கிடைக்க மாட்டார், ஃபீல்டு ஹாக்கிக்குப் பெண்கள் குறைந்துவிடுவார்கள். 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பற்றாக்குறை உண்மையாகவே இருக்கட்டும், அதை ஏன் பெண்கள் மட்டும் சுமக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். கோப்பையைக் கனவில்கூட எட்ட முடியாத பருவத்தில் பெண்களை நிறுத்துவது, உங்களிடம் வெற்றியை எதிர்பார்க்கவில்லை என்று அவர்களிடம் சொல்வதற்குச் சமம் என்று நீதிபதி ராபர்ட் கட்ஸ்மன் எழுதினார். என்னைக் கேட்டால் அந்த வழக்கில் பனியும் வெயிலும் சும்மா துணைநடிகர்கள்.

மிச்சிகன் வழக்கு இன்னும் நீளம். கிராண்ட் ராபிட்ஸ் பகுதிப் பெற்றோர் சிலர் 1998-ல் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் மேலேயே வழக்குத் தொடுத்தார்கள். பெண்கள் கூடைப்பந்தை இலையுதிர்காலத்திலும் வாலிபாலைக் குளிர்காலத்திலும் வைத்திருந்த மாநிலம் அது. நாட்டின் பெரும்பகுதியில் இரண்டும் நேரெதிர். பருவத்தைப் பிரித்தால் ஒரே மைதானத்தில், ஒரே கோச்சை வைத்து அதிகப் பிள்ளைகள் ஆடலாம் என்றது சங்கம். அதைத் தள்ளிவிட முடியாது. என் அக்கா மகளின் கோச்சே இலையுதிர்காலத்தில் பையன்களுக்கும் கோச். ஆனால் பிரித்தபோதெல்லாம் சொல்லிவைத்ததுபோல நல்ல பாதி பையன்களுக்குப் போனது எப்படி என்று நீதிபதி ரிச்சர்ட் என்ஸ்லன் 2001-ல் கேட்டார். மேல்முறையீடு, மறுபடி மேல்முறையீடு. 2007-ல் உச்ச நீதிமன்றமும் சங்கத்துக்குக் கையை விரித்த பிறகுதான் பெண்கள் கூடைப்பந்து குளிர்காலத்துக்கு வந்தது, வாலிபால் இலையுதிர்காலத்துக்குப் போனது, மாநிலத்தின் கீழ்த் தீபகற்பத்தில் டென்னிஸும் கோல்ஃபும் ஆண்-பெண் இடம் மாறின.

கால்பந்தோ இருந்த இடத்திலேயே நின்றது. மொத்தத்தில் தராசு சமமானால் போதும் என்று பங்கு பிரித்ததில் பெண்களுக்கு டென்னிஸ், கோல்ஃப் கிடைத்தன, கால்பந்து கிடைக்கவில்லை. ஒன்பது வருட வழக்கு முடிந்த மாநிலத்தில்தான் நான் ஏப்ரலில் கோட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தேன். மாநிலம் முழுக்கப் பெண்கள் எல்லாரும் வசந்தத்திலேயே ஆடுவதால் மமரோனெக்போல இங்கே கோப்பை கைநழுவவில்லை, அவர்களுக்கென்று மாநிலக் கோப்பை இருக்கிறது. வழக்கறிஞருக்கு அது போதும். மாமாவுக்குப் போதவில்லை.

காவிரிக் கரைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். தலைமடைக்காரன் பாய்ச்சி முடித்த பிறகுதான் கடைமடைக்குத் தண்ணீர். தலைமடையில் ஃபுட்பால். அடுத்து பையன்கள் கால்பந்து. கடைமடையில் பெண்கள். டென்னஸிபோல இரண்டொரு இடத்தில் மடை திரும்பியிருக்கிறது. கொரோனா காலத்தில் 2020-ல் இல்லினாய் ஃபுட்பாலையும் பையன்கள் கால்பந்தையும் தூக்கி அடுத்த வசந்தத்தில் வைத்தது. உலகம் இடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான மேஜர் லீக் சாக்கரே 2027-லிருந்து ஐரோப்பியக் கணக்குக்கு மாறி, கோடையில் தொடங்கி மறு வசந்தத்தில் முடிக்கப்போகிறது. நாட்காட்டி கல்வெட்டு இல்லை.

இடைவேளைக்குப் பிறகு பனி கொட்ட ஆரம்பித்தது. முதலில் பூவாக, ஐந்து நிமிடத்தில் மைதானம் வெளுத்துவிட்டது. ரெஃப்ரி விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தினார். கோடு தெரியாமல் எப்படி ஆடுவது? எங்கிருந்தோ நான்கைந்து நீளத் துடைப்பங்கள் வந்தன. அப்பாக்கள் இறங்கினார்கள். அத்தான் ஒன்றை என் கையில் திணித்தார். “வா, சும்மா நடுங்கிட்டு இருக்கறதுக்கு இது மேல்.”

குனிந்து தள்ளினேன். நல்ல அகலமான வெள்ளைக் கோடு ஒன்று பளிச்சென்று வந்தது. உற்சாகமாக அதைப் பிடித்துக்கொண்டே பத்தடி தூரம் பெருக்கிவிட்டேன்.

“மாமா! அது ஃபுட்பால் கோடு!” என்று நடுமைதானத்திலிருந்து கத்தினாள். “எங்களோடது மஞ்சள். இன்னும் அந்தாண்ட!”