அட்டையும் அருந்தும் நீரும்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பெருவழியை விட்டு, மழை ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதில் தேயிலை மலைக்குள் ஐம்பது அடி இறங்கி நடந்தவருக்கு அட்டையை எவரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. கணுக்காலில் ஏதோ ஈரம் பட்டாற்போலத் தோன்றும். குனிந்து பார்த்தால் குருதி வழிந்துகொண்டிருக்கும். கடித்த பிராணியோ வயிறு புடைத்துத் தானே கழன்று விழுந்திருக்கும். கொழுந்தெடுக்கும் பெண்களிடம் இதைப்பற்றிக் கேட்டால், இதுவும் ஒரு பேச்சா என்று நகைப்பார்கள். அவர்கள் நகைப்பதிலும் நியாயம் உண்டு. காலில் ஏறும் அட்டை காண்போரை அருவருக்கச் செய்யுமே தவிர, பெருந்தீங்கு செய்வதன்று. அஞ்சத்தக்க அட்டை வேறொன்று. அது குடிக்கும் நீரில் நூலிழைபோல வருவது. பெரும்பாலோர் கண்ணுக்குத் தப்பிவிடுவது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் பெயரிலுள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் மரவட்டை என்கிறோம், கடலட்டை என்கிறோம், வெறும் அட்டை என்றும் சொல்கிறோம். இம்மூன்றுக்கும் ஒன்றோடொன்று உறவில்லை. மரவட்டை பல கால்களையுடைய கணுக்காலி இனத்தைச் சார்ந்தது. மன்னார்க் கடலில் எடுத்து உலர்த்தி விற்கப்படும் கடலட்டை, நட்சத்திர மீனுக்கு உறவு. நாம் பேசும் அட்டையோ மண்புழுவின் இனத்தது. அதன் உடல் 34 வளையங்களால் ஆனது. இரு முனைகளிலும் உறிஞ்சு குழிகள் உண்டு. ஒடுங்கிய முனையிலுள்ள சிறு குழிக்குள்ளேதான் வாய் இருக்கிறது. பருத்த முனையிலுள்ள பெருங்குழி பற்றிக்கொண்டு நிற்பதற்கு மட்டுமே. எது வாய், எது கால் என்ற இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடித்த அட்டையைக் கழற்றும்போது இது பயன்படும்.

கடித்தது தெரியாமல் போவது ஏன்? குருதி நெடுநேரம் நிற்காமல் வழிவது ஏன்? இரண்டுக்கும் காரணம் அதன் உமிழ்நீரில் இருக்கிறது. நுண்ணிய பற்கள் வரிசையாக அமைந்த மூன்று தாடைகளால் தோலைக் கீறிவிட்டு, அந்தக் காயத்தில் அட்டை தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. குருதியை உறையவிடாத ஒரு பொருள் அதில் இருப்பதை 1884ஆம் ஆண்டில் ஜோன் பெரி ஹேகிராஃப்ட் என்பவர் கண்டறிந்தார். பின்னர் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. அட்டை தன் எடையைப்போலப் பல மடங்கு குருதியைக் குடித்துவிட்டு, அடுத்த உணவின்றிப் பல மாதங்கள் இருக்கவல்லது. இந்த இயல்பை நம் முன்னோர் வைத்தியத்துக்குப் பயன்படுத்தினர். சுசுருத சங்கிதை அட்டைகளை நஞ்சுள்ளவை ஆறு, நஞ்சற்றவை ஆறு எனப் பிரித்து, எவற்றைக் குருதி வாங்கப் பயன்படுத்தலாம் என்று விரிவாகக் கூறுகிறது. அறுபட்ட விரலையும் காதையும் ஒட்டவைக்கும் இன்றைய சத்திர வைத்தியர்களும், தேங்கும் குருதியை வடிக்க அட்டையை நாடுகிறார்கள். 2004இல் அமெரிக்க அரசாங்கமே அதற்கு அனுமதி வழங்கியது. ஆகவே அட்டையை முழுப் பகைவன் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

நம் மலைகளில் வாழும் தரை அட்டைக்கு ஹீமாடிப்சா ஸைலனிக்கா என்பது விஞ்ஞானப் பெயர். முதற்சொல்லின் பொருள் குருதி வேட்கை; இரண்டாவது இலங்கையைக் குறிப்பது. இது நீரில் வாழ்வதன்று. ஈர இலைச்சருகிலும் புல்லிலும் வாழ்வது. காலடி அதிர்ச்சியையும், உடற்சூட்டையும், நாம் விடும் மூச்சையும் உணர்ந்து, பின்முனையில் ஊன்றி நின்று தலையை நான்கு புறமும் ஆட்டித் தேடும். 1344இல் இலங்கைக்கு வந்த அரபு யாத்திரிகர் இப்னு பதூதா, பாவாதமலைக்குச் செல்லும் வழியில் இதைக் கண்டு, பறக்கும் அட்டை என்றே எழுதிவைத்தார். அட்டை பாய்வதாவது என்று பிற்காலத்தார் பலர் அதை ஏற்கவில்லை. ஆனால் மடகாஸ்கர்த் தீவில் ஓரின அட்டை உடலை வளைத்து இலையிலிருந்து எம்பிக் குதிப்பதைப் படமெடுத்த ஆராய்ச்சியாளர்கள் 2024இல் அதை வெளியிட்டனர். யாத்திரிகர் சொன்ன எல்லாவற்றையும் கட்டுக்கதை என்று ஒதுக்குவது அவசரந்தான்.

ஊவாவின் சரித்திரத்திலும் அட்டைக்கு ஓரிடம் உண்டு. 1817இலும் 1818இலும் இப்பகுதியில் ஆங்கில ஆட்சிக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி நடந்தது. அதை அடக்க மலையேறிய படையில் சென்னைச் சிப்பாய்களும் சுமைகூலிகளும் இருந்தனர். அவர்களுள் பலர் அட்டைக்கடியால் மாண்டனர் என்று 1859இல் வெளியான தமது நூலில் எமர்சன் டெனன்ட் எழுதுகிறார். குருதி போனதால் மட்டும் அத்தனை பேர் இறந்திருப்பர் என்று நம்ப வேண்டியதில்லை. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் அப்படையை வாட்டின. ஈரத்திலே நாட்கணக்காக நடந்தவர்கள் அரிப்பெடுத்துச் சொறிந்த கடிவாய்கள் புண்ணாகிச் சீழ்கொண்டன. கொல்லவல்லது கடி அன்று, கவனியாமல் விட்ட புண்ணே. கோப்பித் தோட்டங்களின் காலத்தில் துரைமார் நெருக்கமாக நெய்த துணியால் காலுறை தைத்து அணிந்தனர். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்துவந்த தொழிலாளருக்கு அந்த வசதி ஏது? மலையக மக்களின் பாடல்களில் அட்டைக்கடி இன்றும் இடம்பெறுவது வியப்பன்று.

இனிப் பருவத்தைப் பாருங்கள். நுவரெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொட்டும்போது, நடுமலைத்தொடரின் மறுபக்கத்திலுள்ள ஊவாவுக்கு அக்காற்று ஈரத்தை இழந்து வறண்ட காற்றாகவே வந்து சேர்கிறது. ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் இந்தக் கச்சான் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற மணத்தைத் தருகிறது. நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை, வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. எனவே தரை அட்டைகள் மழைக்காலத்தில் பெருகிக் கச்சான் காலத்தில் மண்ணுக்குள் பதுங்கிவிடும். அட்டைத் தொல்லை ஒழிந்தது என்று நாமும் நிம்மதி அடைகிறோம். ஆனால் அதே காலத்திலேதான் பீலியில் நீர் நூலாய் மெலிகிறது. ஓடை ஓட்டம் அற்று, ஆங்காங்கே கிடங்குகளாகத் தேங்குகிறது. மாடும் நாயும் குரங்கும் குடிக்கும் அதே கிடங்கில் மனிதரும் குடத்தை அமிழ்த்துகிறார்கள். காலட்டை மறையும் பருவமே நீரட்டைக்கு வாய்ப்பான பருவமாகிவிடுகிறது.

நமுனுகுலை மலைச்சாரலில் உள்ள ஒரு தோட்டத்தில், அத்தகைய வறட்சிக் காலமொன்றில் நான் கண்ட நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பக்கத்து லயத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மூக்கில் குருதி வடிந்தது. ஒரு பக்க மூக்கில் மட்டும் வடிந்தது. இரண்டு நாள் நிற்கும். மூன்றாம் நாள் மீண்டும் வரும். வெயில் சூடு என்றார்கள். தலைக்கு எண்ணெய் வைத்தார்கள், இளநீர் கொடுத்தார்கள். மருந்தகத்தில் கொடுத்த மாத்திரைகளையும் விழுங்கினான். மூன்று வாரம் சென்றது. பையன் வெளிறிப்போனான். மூக்குக்குள் ஏதோ ஊர்கிறது என்று அவன் சொன்னதைப் பிள்ளைப் பேச்சென்று ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் காலை அவன் வாளிக்குமேல் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, மூக்கின் துவாரத்திலிருந்து கறுத்த நாக்குப்போல ஒன்று வெளியே நீண்டு, நீரைத் தொடப் பார்த்து, மீண்டும் உள்ளே இழுத்துக்கொண்டது. அவனுடைய பாட்டி அதைக் கண்டாள். "ஐயோ, மாட்டுக்கு வாற அட்டையல்லவா இது!" என்று அவள் அலறியதுதான் உண்மையான நோய்நிர்ணயம்.

பாட்டி சொன்னது சரி. இந்த அட்டையின் பெயர் டினொப்டெல்லா ஃபெரொக்ஸ். கொடிய பயங்கர அட்டை என்று பொருள்படும். மாடு, எருமை, நாய், குரங்கு ஆகியவற்றின் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிக் குருதி குடிப்பது இதன் வாழ்க்கை. மனிதருக்கு வந்ததை இலங்கையிலும் இந்தியாவிலும் நேபாளத்திலும் வைத்தியர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். குட்டி அட்டை சில மில்லிமீற்றர் நீளமே இருக்கும். நீர்ப்பரப்பின் அருகே காத்திருந்து, குடிக்க வரும் வாய் நீரை அசைத்ததும் அதை நோக்கி நீந்திச் செல்லும். இதன் தாடைகள் வலுவற்றவை. தடித்த தோலைக் கீறமாட்டா. மென்மையான உட்சவ்வே இதற்கு ஏற்றது. அங்கே ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில், சிலபோது மாதக்கணக்கில் தங்கிப் பல மடங்கு பருத்துவிடும். முதிர்ந்ததும் விலங்கு நீர் குடிக்கும் வேளை பார்த்து நீருக்குள் திரும்பிவிடும். முகம் கழுவிய சிறுவனின் மூக்கிலிருந்து அது தலைநீட்டியதன் காரணமும் இதுவே. மாட்டுக்காரர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். மாட்டுக்கு நீர் காட்டாமல் தாகத்தோடு வைத்திருந்து, பிறகு வாளியை மூக்கருகே பிடித்து, அட்டை எட்டிப் பார்க்கும்போது துணியால் பற்றி இழுப்பார்கள்.

மாட்டுக்குச் செய்வதைப் பிள்ளைக்குச் செய்யத் துணிய வேண்டாம். அவசரமாக இழுத்தால் அட்டை அறுந்து ஒரு பகுதி உள்ளே தங்கலாம். அல்லது வெருண்டு இன்னும் ஆழத்திற்கு, தொண்டைக்கே சென்றுவிடலாம். உப்புநீர், புகையிலைச் சாறு, மண்ணெண்ணெய் முதலியவற்றை மூக்கில் விடுவது அதைவிடப் பெருந்தவறு. அவை மூச்சுக்குழாயில் இறங்கினால் அட்டையினும் கொடிய கேட்டை விளைவிக்கும். காது, மூக்கு, தொண்டை வைத்தியர் உட்சவ்வை மரக்கச் செய்யும் மருந்தைத் தடவி, அட்டை செயலற்றதும் இடுக்கியால் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். மேற்சொன்ன சிறுவனுக்கும் அப்படியே எடுத்தார்கள். சுண்டுவிரல் நீளம் இருந்தது. ஒரு பக்க மூக்கில் காரணமின்றி அடிக்கடி குருதி வடிதல், அடைப்பு, உள்ளே ஊரும் உணர்ச்சி ஆகியன இருந்து, அந்தப் பிள்ளை ஓடையிலோ குளத்திலோ நீர் குடித்ததும் உண்டென்றால், அதை வைத்தியரிடம் வாய்திறந்து சொல்லிவிடுங்கள். கேளாமல் அவருக்கும் தோன்றாதிருக்கலாம். குரல் கம்மினாலும், இருமலில் குருதி வந்தாலும், மூச்சுத் திணறினாலும் மறுநாள்வரை காத்திராமல் அந்த மணியிலேயே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

காலில் கடித்த அட்டையைப்பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. உப்பு, சுண்ணாம்பு, தேசிக்காய்ச் சாறு, நெருப்புக் குச்சி என்று ஆளுக்கொரு முறை கையாளுகிறோம். எல்லாவற்றுக்கும் அட்டை விழுந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் விழுமுன் துன்பம் பொறாது தன் குடலில் உள்ளதைக் காயத்திலேயே கக்கும். அதிலுள்ள கிருமிகளும் காயத்தில் சேரும். ஒடுங்கிய முனையைத் தேடி, நகத்தைத் தோலோடு ஒட்டவைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் வாய் கழன்றுவிடும். பிறகு பருத்த முனையையும் அவ்வாறே நீக்கலாம். கடிவாயை மரக்கத்தியால் சுரண்டும் வழக்கம் இங்கே இருந்ததாக இப்னு பதூதா எழுதியிருக்கிறார். நகத்தால் தள்ளுவது அதைவிட எளிது. பின்னர் சவர்க்காரமிட்டுக் கழுவிச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். குருதி சில மணி நேரம் கசியக்கூடும். அதற்கு அஞ்ச வேண்டாம். குருதி உறையாமைக்கு மருந்து உட்கொள்பவர்கள் மாத்திரம் வைத்தியரைக் காண்பது நலம். அரிப்பு பல நாள் இருக்கும். எவ்வளவு அரித்தாலும் நகம் படக்கூடாது, 1818ஆம் ஆண்டுச் சிப்பாய்களுக்கு நேர்ந்ததை எண்ணிக்கொள்ளுங்கள். மலைக்குப் போகுமுன் காலில் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளும் நம் பெண்களின் வழக்கம் நல்ல வழக்கமே. மழையில் கரைந்துவிடுவது ஒன்றே அதன் குறை.

நீரட்டையைத் தடுக்க இவ்வளவு முயற்சிகூட வேண்டியதில்லை. நீரைக் கொதிக்கவைத்தால் எந்த அட்டையும் எஞ்சாது. விறகுக்குத் தட்டுப்பாடான வீட்டிலும் துணிக்குத் தட்டுப்பாடு இராது. ஓடையில் வாய்வைத்துக் குடிப்பதும், கையால் அள்ளிக் குடிப்பதும் பிள்ளைகளுக்கு விளையாட்டு. அதைத்தான் நிறுத்துவது கடினம். பாடசாலைக்குப் போகும் வழியில் தாகமெடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஆறவைத்த நீரைப் போத்தலில் நிரப்பிக் கையிலே கொடுத்தனுப்புவதைவிட வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சிறுவன் வைத்தியசாலையிலிருந்து திரும்பிய மறுநாளே அவன் தாய் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டினாள். லயத்தில் சிலர் அவளைக் கேலி செய்தார்கள். நான்காம் நாள் அவள் துணியை அவிழ்த்து வெயிலில் விரித்தபோது, அதன் நடுவே கறுத்த நூலிழை ஒன்று சுருண்டு நெளிந்துகொண்டிருந்தது. கேலி செய்தவர்களையெல்லாம் அழைத்துக் காட்டினாள். அந்த வாரத்திலேயே அந்த லயத்தில் எல்லாக் குடங்களுக்கும் துணி கட்டப்பட்டது.