கடலோடு சிநேகம்

நெரவியில் பிறந்தவளுக்குக் கடல் புதிதா என்று கேட்பீர்கள். காரைக்கால் கடற்கரை எங்களுக்குப் பக்கம்தான். ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, எங்கள் வீட்டில் கடல் என்றாலே கிலி. "மணலோட நின்னுக்குங்க, தண்ணியில கால வைக்காதீங்க" என்பது பிள்ளைகளுக்கு என் மாமியார் போட்ட சட்டம்.

கணவரின் வேலை காரணமாக ரீயூனியன் தீவுக்குக் குடிவந்தோம். மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுத் தீவு இது. 19ஆம் நூற்றாண்டில் காரைக்காலிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் வம்சத்தார் இங்கே நிறைய. முருங்கைக்கீரைக்குக்கூட நம் பெயரின் சாயல்தான்!

மேற்குக் கரையில் லெர்மிதாஜ் கடற்கரை. நம்மூர் போலவே சவுக்கு மரங்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாகச் சோறும் குழம்பும் சட்டியோடு கொண்டுவந்து நிழலில் பாய் விரித்துவிடுவார்கள். நானும் புளிசாதம் கட்டிக்கொண்டு போவேன். நம்மூரில் சூரியன் கடலில் உதிக்கும். இங்கே கடலில் மறையும். பார்க்கக் கண் கோடி வேண்டும்!

பயம் எப்படிப் போயிற்று தெரியுமா? பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லிக்கொடுத்த விஷயங்களால்தான்:

• கரைக்குச் சற்றுத் தள்ளிப் பவளப்பாறைத் தடுப்பு இருக்கிறது. அலை அதில் மோதி உடைவதால் உட்புறம் குளம் போல இருக்கும். குழந்தைகள் அங்கேதான் குளிக்க வேண்டும்.

• பாறை வரிசையில் இடைவெளி உள்ள இடத்தில் நீரோட்டம் வெளியே இழுக்கும். அந்தப் பக்கமே போகக்கூடாது.

• சுறாக்கள் தாக்கியதால், தடுப்புக்கு வெளியே காவல் இல்லாத இடங்களில் குளிக்க 2013இல் தடை போட்டார்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது.

• காலில் ரப்பர் செருப்பு அவசியம். உச்சி வெயிலில் பிள்ளைகள் நிழலில் இருக்கட்டும்.

• நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அரிசி, குடிதண்ணீர், டார்ச் லைட் தயாராக இருக்கட்டும்.

காரைக்காலில் இந்தப் பாறைத் தடுப்பு கிடையாது, திறந்த கடல். அதனால் ஊருக்கு வரும்போது மாமியாரின் சட்டத்தை நானே பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்கிறேன். அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் விளையாட விடுவதே இல்லை. பூமி பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்றும் பழக்கியிருக்கிறேன்.

சகோதரிகளே, பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டாமல் வளர்க்க வேண்டாம். அதன் குணத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்!