ஆஸ்பிளீனியம் என்னும் பெரணி

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் கட்டடக் கலைஞர், தம் நூலில் விந்தையான செய்தியொன்றைக் குறித்திருக்கிறார். கிரீட் தீவில் ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் கால்நடைகள் மேய்கின்றன. ஒரு கரையில் மேய்வனவற்றுக்கு மண்ணீரல் உண்டு. கோர்ட்டைனா நகரை அடுத்த மறு கரையில் மேய்வனவற்றுக்கோ அது புலப்படுவதில்லை. மருத்துவர் ஆராய்ந்து, அக்கரையில் முளைக்கும் பூண்டு ஒன்றே இதற்குக் காரணம் எனத் துணிந்தனராம். கிரேக்க மொழியில் 'ஸ்பிளீன்' என்றால் மண்ணீரல். அதனை இல்லாமற் செய்யும் பூண்டு ஆதலின் அதற்கு அதையொட்டியே பெயரும் அமைந்தது. டையாஸ்கொரிடிஸ் முதலிய பழைய மருத்துவர்களும் வீங்கிய மண்ணீரலுக்கு அதனைப் பரிந்துரைத்தனர். மருத்துவம் மறைந்தது, பெயர் மட்டும் நிலைத்தது. 1753-இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு முறையாகப் பெயர் சூட்டியபோது, ஒரு பெரணிக் கூட்டத்துக்கு ஆஸ்பிளீனியம் என்னும் அப்பெயரையே வழங்கினார்.

பெரணிகள் பூப்பதில்லை, காய்ப்பதில்லை என்பதை மாணவர்கள் அறிவீர்கள். இலையின் அடிப்புறத்தில் தூள்போல் விளையும் ஸ்போர்களே அவற்றைப் பரப்புகின்றன. அந்த ஸ்போர்ப் பைகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கொண்டுதான் ஒரு பெரணியை இன்னதென்று பெரும்பாலும் அறிகிறோம். சிலவற்றில் அவை வட்டப் பொட்டுகளாக இருக்கும். சிலவற்றில் இலை விளிம்பை ஒட்டிய கரையாக ஓடும். ஆஸ்பிளீனியத்திலோ அவை நரம்பின் வழியே நீண்ட கோடுகளாக அமைந்து, ஒவ்வொரு கோட்டையும் ஒருபுறமிருந்து மெல்லிய தோல் ஒன்று மூடியிருக்கும். நீலகிரி, பழனி மலைச் சோலைகளுக்குச் செல்வோர், பாசி படர்ந்த மரத்திலோ பாறையிலோ தொற்றியுள்ள பெரணியின் இலையைப் பறிக்காமலே திருப்பிப் பார்த்தால் இந்தக் கோடுகளைக் காணலாம். சென்னை மாகாணக் காட்டிலாகாவில் பணியாற்றிய பெடோம் என்னும் ஆங்கிலேயர், 1860-களில் தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களுடன் நூலாக வெளியிட்டார். அதில் இப்பேரினத்தைச் சேர்ந்தவை பல இடம்பெற்றுள்ளன.

கோடு ஒன்றுதான், உருவமோ எண்ணற்றது. வெப்பநாட்டுக் காடுகளில் மரக்கிளை மீது வாழும் 'பறவைக்கூட்டுப் பெரணி', பிளவுபடாத அகன்ற இலைகளை வட்டமாக விரித்து, மேலிருந்து விழும் சருகையெல்லாம் தன் நடுவே ஏந்திக்கொள்ளும். அச்சருகு மட்கியே அதற்கு மண்ணாகிறது. போர்னியோவின் டேனம் பள்ளத்தாக்கில் இக்கூடுகளுக்குள் வாழும் பூச்சிகளையும் பிற சிற்றுயிர்களையும் திரட்டி எடைபோட்டனர். காட்டின் மேல்தட்டில் வாழும் அத்தகைய உயிர்களின் மொத்த எடைக்கு அதுவரை சொல்லப்பட்டு வந்த மதிப்பு இரட்டிக்க வேண்டியதாயிற்று என்பது 2004-இல் வெளியான செய்தி. இதற்கு நேர்மாறாக, ஐரோப்பாவின் பழஞ்சுவர்களில் சுண்ணாம்புக் காரையின் இடுக்கில் விரலளவே வளரும் 'சுவர் அருவதா' இருக்கிறது. அங்கேயே வாழும் இன்னொன்று, வெயிலில் சுருண்டு, செதில்கள் மூடிய அடிப்புறத்தை வெளியே காட்டிச் செத்ததுபோல் கிடந்து, மழை பெய்ததும் விரிந்து பசுமை கொள்ளும். நியூசிலாந்தில் ஒன்று தன் இலையின் மீதே குஞ்சுச் செடிகளைச் சுமக்கிறது.

இவ்வாறு அண்டார்க்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் பரவியுள்ள இப்பேரினத்தில் சுமார் 700 இனங்கள் உண்டு என்கிறோம். இந்தச் 'சுமார்' என்ற சொல்தான் என்னை இப்பேச்சுக்குத் தூண்டியது. எண்ணத் தெரியாமல் வந்த சொல்லன்று அது. இனம் என்றால் என்ன என்று பாடநூலில் படித்திருப்பீர்கள்: தமக்குள் கூடிச் சந்ததி பெருக்குவன, பிறவற்றோடு கூடிப் பெருக்காதன. சிங்கத்துக்கும் புலிக்கும் பெரும்பாலும் பொருந்திவரும் இந்த இலக்கணம், ஆஸ்பிளீனியத்தின் முன் தடுமாறுகிறது.

காரணம் பெரணியின் வாழ்க்கை முறையிலேயே உள்ளது. ஸ்போர் முளைத்தால் உடனே பெரணி உண்டாவதில்லை. நகத்தினும் சிறிய பச்சைத் தகடு ஒன்று உண்டாகிறது. அத்தகட்டில் தோன்றும் ஆண் அணு, ஈரத்தில் நீந்திச் சென்று பெண் அணுவை அடைந்த பின்னரே நாம் அறியும் பெரணி எழுகிறது. ஒரே பாறையிடுக்கில் இரண்டு இனங்களின் தகடுகள் அடுத்தடுத்து இருந்து, ஒரு மழைத்துளி இரண்டையும் இணைத்துவிட்டால், ஆண் அணு அயல் இனத்துத் தகட்டையும் சென்றடையக்கூடும்.

இதற்கு நன்கு ஆராயப்பட்ட சான்று, அமெரிக்க ஐக்கிய நாட்டின் அப்பலாச்சிய மலைத்தொடரில் உள்ளது. அங்கே மூன்று இனங்கள். ஒன்று, கருங்காலி போன்ற கரிய காம்பில் ஏணிப்படிகள்போல் சிற்றிலைகளைத் தாங்கித் தரையில் நிற்பது. மற்றொன்று, மணற்பாறை வெடிப்புகளில் வாழும் சிறிய மலைப் பெரணி. மூன்றாவது 'நடக்கும் பெரணி'. வால்போல் நீண்ட அதன் இலைநுனி, தொட்ட இடத்தில் வேரூன்றிப் புதுச்செடியாகிறது. தோற்றத்தில் இது மிகவும் வேறுபட்டிருந்ததால் இதனைத் தனிப் பேரினமாகவே பலர் வைத்திருந்தனர்.

1861-இல் பிலடெல்பியா நகரருகே ஸ்காட் என்பவர் ஒரு புதுப் பெரணியைக் கண்டார். அடியில் ஏணிப்பெரணி போலவும் நுனியில் நடக்கும் பெரணி போலவும் அது இருந்தது. இரண்டுக்கும் பிறந்த கலப்போ என்ற ஐயம் எழுந்தது. 1902-இல் மார்கரெட் ஸ்லாசன் என்னும் அம்மையார் அவ்விரு பெரணிகளையும் வளர்த்துக் கலக்கச் செய்து, அதே உருவத்தைத் தம் கையாலேயே உண்டாக்கிக் காட்டி ஐயத்தைத் தீர்த்தார். பேரினம் விட்டுப் பேரினம் கலந்ததென்றால், பிரித்துப் போட்ட வேலியில்தான் குறை இருக்க வேண்டும். இன்று நடக்கும் பெரணியையும் ஆஸ்பிளீனியத்திலேயே சேர்த்துவிட்டனர்.

ஆயினும் அக்கலப்பு மலடு. ஏணிப்பெரணியிலிருந்து 36 குரோமோசோம்களும் நடக்கும் பெரணியிலிருந்து 36 குரோமோசோம்களும் அதற்கு வருகின்றன. ஸ்போர் விளையும் வேளையில் குரோமோசோம்கள் இணை இணையாகச் சேர்ந்து பிரிய வேண்டும். இங்கோ எதற்கும் இணையில்லை. ஸ்போர்கள் சூம்பிப் போகின்றன. ஆனால் எப்போதேனும் எல்லாக் குரோமோசோம்களும் இரட்டித்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் இணை கிடைத்துவிடுகிறது, மலடு நீங்குகிறது. பெற்றோர் எவரோடும் கூடிப் பெருகாத, தன்னளவில் பெருகும் புது இனம் பிறந்துவிடுகிறது. இங்கிலாந்தில் ஐரீன் மான்ட்டன் அம்மையார் பெரணிகளின் குரோமோசோம்களை எண்ணி 1950-இல் வெளியிட்ட நூல் இவ்வாராய்ச்சிக்கு வழிகாட்டிற்று. 1954-இல் வாக்னர் என்னும் அமெரிக்கர், அப்பலாச்சிய மலைகளில் தனி இனங்களாக வழங்கிவந்த இரு பெரணிகள் இவ்வாறு கலப்பும் இரட்டிப்புமாகப் பிறந்தவையே என்று நிறுவினார். மலைப் பெரணி இரண்டுக்கும் ஒரு பெற்றோர். மற்றைய பெற்றோர் ஒன்றுக்கு ஏணிப்பெரணி, மற்றொன்றுக்கு நடக்கும் பெரணி. உயிர்களின் வரலாற்றைக் கிளைவிடும் மரமாக வரைவது வழக்கம். வாக்னர் வரைந்ததோ ஒரு வலை.

வலை என்றால் சிக்கலும் உண்டு. இத்தகைய இரட்டித்த இனங்களின் நொதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தோர், ஒரே இனம் ஒரு முறையன்றிப் பல முறை தனித்தனியே பிறந்திருக்கிறது என்பதற்கு 1985-இல் சான்று காட்டினர். ஒரு மலையிலும் இன்னொரு மலையிலும் வெவ்வேறாகப் பிறந்தவற்றை ஓரினம் என்பதா, ஈரினம் என்பதா? ஒன்றென்று கொள்வதே தக்கது என்பது என் கருத்து. ஒரே பெற்றோர், ஒரே உருவம், தம்முள் கலக்கத் தடையில்லை. மாறுபடுவோரும் இருக்கலாம், 700 என்ற எண்ணுக்கு முன் 'சுமார்' நிற்பது அதனாலேயே.

ஸ்காட் கண்ட கலப்புக்கு வருவோம். அலபாமா மாநிலத்தில் ஹவானா கிளென் என்றொரு சிறு பள்ளத்தாக்கு உண்டு. 1873-இல் ஜூலியா டட்வைலர் என்னும் கல்வியாளர் அங்கே அதே உருவமுடைய பெரணியைக் கண்டார். பிற இடங்களில் ஒன்றிரண்டாய்த் தனித்து நின்ற அது, இங்கு மட்டும் ஸ்போர்களால் பெருகி வளர்ந்துவந்தது. அதன் குரோமோசோம்கள் இரட்டித்திருந்தன. நெடுங்காலம் கலப்பினத்தின் பெயராலேயே வழங்கிய அதனைத் தனி இனமென ஏற்று, 2007-இல் அவ்வம்மையாரின் பெயரால் ஆஸ்பிளீனியம் டட்வைலரே என்று பெயரிட்டனர். கண்டெடுத்து 134 ஆண்டுகள் சென்றபின் பேரினத்தின் கணக்கில் ஒன்று கூடிற்று. அப்பள்ளத்தாக்கைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதாக அறியப்படவில்லை.