சுங்கை பெசியில் ஓர் ஆச்சரியம்: படிவம் 3 பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் படியுங்கள்!

கோலாலம்பூர் சுங்கை பெசி இராணுவ முகாமுக்குள் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது, தெரியுமா? பிரிக்பீல்ட்ஸ் பிள்ளை கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறி மஸ்ஜிட் ஜாமெக்கில் மாறினால் சுங்கை பெசி வந்துவிடும். கிள்ளான் பிள்ளைக்கு அதற்கு முன்னால் ஒரு கொமுட்டர் பயணம், அவ்வளவுதான்! 1995இல் இராணுவ அகாடமியாகத் தொடங்கி 2006இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த இந்தத் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் (யுபிஎன்எம்) கேடட்டாகச் சேர்ந்து முடிப்பவர் பட்டத்தோடு ‘லெப்டினன் மூடா’ அதிகாரியாகவும் வெளியே வருகிறார். பெண்களும் சேரலாம். மருத்துவப் படிப்புகூட உண்டு! மகனை டாக்டராக்கியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் அப்பாக்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஒன்று மட்டும் கவனம்: அங்கே சீருடை இல்லாத பொது மாணவர்களும் படிக்கிறார்கள். கேடட்டாகச் சேர்வது தனி வழி. படித்து முடித்த பிறகு படையில் பணியாற்றும் கடப்பாடும் அதோடு வரும்.

“இதெல்லாம் நம்ம பிள்ளைகளுக்குக் கிடைக்குமா?” என்று இழுப்பவரா நீங்கள்? அப்படியானால் க. தனபாலசிங்கத்தைத் தெரியுமா? கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் படித்த தமிழ்ப் பையன். 1955இல் கேடட்டாகத் தேர்வாகி இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரிக்குப் போனார். 1967இல் ஆஸ்திரேலிய அதிகாரி ஒருவரிடமிருந்து அரச மலேசியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நாட்டின் முதல் உள்நாட்டுக் கடற்படைத் தலைவர்! அப்போது அவருக்கு வயது என்ன தெரியுமா? வெறும் 31! அடுத்த 9 ஆண்டுகள் அந்த நாற்காலியில் அவர்தான். நம் பள்ளிப் பாடநூல்களில் இந்தப் பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டாமா?

பல்கலைக்கழகம்வரை காத்திருக்கவும் வேண்டாம்! அரச இராணுவக் கல்லூரி படிவம் 4இலேயே மாணவர்களை எடுத்துக்கொள்கிறது. விடுதி, அணிவகுப்பு, எஸ்பிஎம் எல்லாம் ஒரே கூரையின்கீழ். 1952இல், மலாயா அவசரகாலத்தின் நடுவே, அன்றைய பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஜெனரல் டெம்ப்ளர் போர்ட்டிக்சனில் தொடங்கிய கல்லூரி அது, பிறகு சுங்கை பெசிக்கு வந்தது. அதன் முழக்கமும் பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் அகாடமியின் முழக்கமும் ஒன்றேதான்: ‘தலைமையேற்கத் தொண்டாற்று’.

சரி, என்ன தயாரிப்பு? பலரும் நேரே டியூஷனுக்கு ஓடுவார்கள். எஸ்பிஎம்மில் மலாய்மொழியில் கிரெடிட் இல்லாமல் கதவே திறக்காது, உண்மைதான். ஆனால் ஏட்டைத் தாண்டியும் வாங்க வேண்டிய மதிப்பெண் இருக்கிறது! அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பங்களில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. பள்ளிக் கேடட் படையில் படிவம் 1இலிருந்தே வியர்வை சிந்தியவனையும், படிவம் 5இல் சான்றிதழுக்காகப் பெயர் கொடுத்தவனையும் நேர்காணலில் இரண்டே கேள்வியில் பிரித்துவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். ஓட்டமும் அப்படித்தான். ஆயுதப்படையின் அடிப்படை உடற்திறன் சோதனை 2.4 கிலோமீட்டர். 400 மீட்டர் பள்ளித் திடலில் 6 சுற்று! கடைசி வாரத்தில் ஓடிப் பழகினால் கணுக்கால்தான் வீங்கும்.

தேர்வின்போது வரும் மருத்துவப் பரிசோதனையை வீட்டிலேயே கொஞ்சம் ஒத்திகை பார்க்கலாம், தெரியுமா? நனைந்த பாதத்தைச் சிமெண்டுத் தரையில் பதியுங்கள். உள்பக்கம் வளைவே இல்லாமல் முழுப் பாதமும் ஈரமாகப் பதிந்தால் தட்டைப் பாதமாக இருக்கலாம். இப்போதே டாக்டரைப் பாருங்கள். அடுத்தது நிறக்குருடு. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டுவார்களே, அதை உருவாக்கிய ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா, இராணுவத்துக்கு ஆள் எடுப்பதற்காகத்தான் முதலில் அதைத் தயாரித்தார்! வெளியிட்ட ஆண்டு 1917. நூறாண்டு தாண்டியும் அதே அட்டைதான். சிவப்பு-பச்சை குழப்பம் ஆண்களையே அதிகம் பிடிக்கும். எத்தனையோ பையன்களுக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது, ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே சோதித்துக்கொள்வது நல்லது.

வெளிநாடுகளில் எப்படி? தமிழ்நாட்டில் இன்னும் சீக்கிரமே சேர்க்கிறார்கள்! உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளி 6ஆம் வகுப்பிலேயே சேர்த்துக்கொள்கிறது. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவ அகாடமியிலோ பெரும்பாலானவர்களுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் முன்மொழிவு வேண்டும். கல்யாணமும் ஆகியிருக்கக் கூடாது. 17 வயதில் அந்த நிபந்தனையை நம் வீட்டு அம்மாக்களே பார்த்துக்கொள்வார்கள்!