ஈர ஸ்வெட்டர் கற்றுத் தந்த பாடம்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். பத்திரிகைக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் நான் செய்த ஒரு தவறைச் சொன்னால், பைக்கில் போகிற கணவரோ, மகனோ, தம்பியோ இருக்கும் வீடுகளுக்கு உபயோகமாக இருக்குமே என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் குன்னூர். என் கணவர் ஊட்டி மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார். விடியற்காலையில் லோடு இறங்கும்போது அங்கே இருக்க வேண்டும். அதனால் 5 மணிக்கெல்லாம் பைக்கை எடுத்துவிடுவார். சுமார் 18 கிலோ மீட்டர் மலைப்பாதை, முக்கால் மணி நேரம் ஆகும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம் என்றால், ஊட்டி 2,240 மீட்டர். மேலே ஏற ஏறக் குளிரும் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழி, தையில் உறைபனி. காந்தல், தலைகுந்தா பக்கமெல்லாம் விடிகாலையில் புல்தரை உப்பைக் கொட்டினது போல வெள்ளையாகக் கிடக்கும். கீழே இருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து ரசிப்பார்கள். தினமும் வண்டி ஓட்டுகிறவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

2019 டிசம்பரில் நடந்தது இது. மூன்று நாளாக வெயில் எட்டியே பார்க்கவில்லை. துவைத்த ஸ்வெட்டர் காயவில்லை. "ஏங்க, கைப்பக்கம் மட்டும்தான் லேசா ஈரம். போட்டுக்கிட்டா உடம்புச் சூட்டுல காஞ்சிடும்" என்று சொல்லி நான்தான் மாட்டிவிட்டேன். கிளவுஸிலும் விரல் நுனியில் ஓட்டை. 'இந்த வாரம் தைச்சுத் தர்றேன்' என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வாய் திறக்காமல் கிளம்பிப் போனார்.

6 மணிக்கு அவர் போனில் இருந்து வேறு யாரோ பேசினார்கள். "உங்க வீட்டுக்காரர் வண்டியில இருந்து விழுந்துட்டாருங்க. உயிருக்கு ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க." எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடினேன்.

எல்லநள்ளி தாண்டி ஒரு வளைவில் காட்டெருமை குறுக்கே நின்றிருக்கிறது. பிரேக்கைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார், விரல்கள் மடங்கவில்லை. காலால் பின் பிரேக்கை அழுத்தி மிதித்ததில் ஈர ரோட்டில் வண்டி வழுக்கி, ஓரக் கால்வாயில் விழுந்துவிட்டார். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து 6 வாரம் மாவுக்கட்டு. அந்த 6 வாரமும் சம்பளமில்லை.

"கை வலி கூடப் பெரிசில்ல. என் விரலே என் பேச்சைக் கேக்கலையே, அதுதான் பயமா இருந்துச்சு" என்றார். என் மேல் ஒரு வார்த்தை கோபமில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். பட்டாளத்தில் இருந்தவர். லடாக் பக்கம் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவரைப் பார்க்க வந்தார். நான் அழுதுகொண்டே ஸ்வெட்டர் கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"ஏம்மா, மண்பானைத் தண்ணி ஏன் ஜில்லுனு இருக்கு? ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போகுது. ஈரத்துணி போட்டவன் உடம்பும் அப்படித்தான். சூடான காபியை ஏன் ஊதிக் குடிக்கிறே? காத்து பட்டா ஆறிடும்ல? பைக்ல போறவனை முக்கால் மணி நேரம் யாரோ விடாம ஊதிக்கிட்டே இருக்கிற மாதிரிதான்" என்றார்.

5 டிகிரி குளிரில் 40 கிலோ மீட்டர் வேகத்தில் போனால், காற்று படும் தோலுக்கு மைனஸ் 1 டிகிரி போல இருக்குமாம். இன்னொன்றும் சொன்னார். உடம்பு குளிர்ந்துவிட்டால், நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காக விரல்களுக்குப் போகும் ரத்தத்தை உடம்பே குறைத்துவிடுமாம். "கை விறைக்குதுன்னா கிளவுஸை மட்டும் பார்க்காதே. முதல்ல நெஞ்சைச் சூடா வை" என்றார். அவர் சொன்னதையும், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

தடியாக ஒரே ஸ்வெட்டர் போதாது. உடம்போடு ஒட்டின மாதிரி ஒரு பனியன், அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்று புகாத கோட்டு. கம்பளி சூட்டைப் பிடித்து வைக்கும், ஆனால் காற்று அதன் கண்ணிகளுக்குள் புகுந்துவிடும். மேல் கோட்டு இல்லாத ஸ்வெட்டர் பைக்குக்கு ஆகாது. நல்ல கோட்டு வாங்கும் வரை, ஸ்வெட்டருக்கும் சட்டைக்கும் நடுவில் நாலு தாள் நியூஸ் பேப்பரை நெஞ்சோடு மடித்து வைத்து அனுப்பினேன். காற்றை அருமையாகத் தடுக்கிறது. (படித்து முடித்த பிறகுதான், தோழிகளே!)

கிளவுஸ் இறுக்கமாக இருக்கக் கூடாது. இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் விறைக்கும். மழை நாளில், கம்பளிக் கிளவுஸ் மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கிளவுஸைப் பெரிய சைஸாக வாங்கிப் போடலாம். பிரேக், கிளட்ச் பிடிக்க வருகிறதா என்று வண்டி நிற்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். கோட்டின் கை நுனி கிளவுஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் மழைத் தண்ணீர் நேராகக் கைக்குள் இறங்கும். மழைப் பேன்ட்டும் அப்படியே, ஷூவுக்கு வெளியேதான்.

ஷூ நனையாமல் இருக்கச் சிலர் காலில் பிளாஸ்டிக் பை மாட்டுவார்கள். எங்கள் நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. அதனால் கிழிந்த ரெயின்கோட்டை வெட்டி, சாக்ஸுக்கு மேல் போடுகிற மாதிரி இரண்டு உறை தைத்தேன். செலவே இல்லை.

மப்ளர் நுனியைக் கோட்டுக்குள் செருகிவிட வேண்டும். பின்னால் உட்காரும் நாமும் புடவை முந்தானை, துப்பட்டா, சால்வை எதையும் பறக்கவிடக் கூடாது. சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹெல்மெட்டுக்குள் தடியான மங்கி கேப் போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது. மெல்லிய துணிக் குல்லா போதும். கண்ணாடியில் மூச்சு படிந்து மங்காமல் இருக்க, உள்பக்கம் குளியல் சோப்பை லேசாகத் தடவி, உலர்ந்த துணியால் பளிச்சென்று துடைத்துவிடுவேன்.

விரல் மரத்துப்போனால் கொஞ்ச நேரத்தில் சரியாகும் என்று ஓட்டக் கூடாது. வண்டியை ஓரங்கட்டி, கையை அக்குளுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். நெருப்பிலோ சைலன்ஸரிலோ காட்டவே கூடாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும்.

முக்கியமாக ஒன்று. 'ஒரு கட்டிங் போட்டா குளிர் தெரியாது' என்று சொல்லும் கூட்டாளிகள் எல்லா ஊரிலும் உண்டு. குளிர் தெரியாமல்தான் போகும், குறையாது. சாராயம் தோல் பக்கம் ரத்தத்தைத் திருப்பிவிடுவதால் உடம்பின் சூடு இன்னும் சீக்கிரம் வெளியேறும். போதையில் வண்டி ஓட்டுவதன் ஆபத்து தனி. அதற்குப் பதில் சுக்குக் காபி பிளாஸ்க்கில் கொடுத்து அனுப்புங்கள்.

ஸ்வெட்டரை முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்தினால் பாதி ஈரம் போய்விடும். கை ஆறி அவர் வேலைக்குப் போக ஆரம்பித்ததும், திபெத்தியர் மார்க்கெட்டில் இன்னொரு ஸ்வெட்டர் வாங்கினேன். சீட்டுப் பணம்தான். ஒன்று காயும்போது ஒன்று உடம்பில். நனைந்த ஷூவுக்குள் பேப்பரைத் திணித்து வைத்தால் காலைக்குள் ஈரத்தை இழுத்துவிடும்.

இப்போதும் ராத்திரி படுக்கும் முன் அவருடைய ஸ்வெட்டரையும் கிளவுஸையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன். கையில் தெரியாத ஈரம் கன்னத்தில் தெரியும். "என்ன, இன்னைக்கு பாஸா?" என்று கேட்டுச் சிரிப்பார் அவர். நான் சிரிப்பதில்லை. அந்த விடியற்காலை போன் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் விடிகாலையில் வண்டி எடுக்கிறவர் இருந்தால், இன்று ராத்திரியே ஒரு முறை தொட்டுப் பாருங்களேன்.

– ஒரு வாசகி, குன்னூர்.