பெயர் மாறிய கடல்பாசி... காட்டிக்கொடுத்த பழைய காகிதம்!

நோன்பு திறக்கும் நேரத்தில் பல வீடுகளில் துண்டு துண்டாக வெட்டிவைக்கும் ஜில்லென்ற இனிப்பு, கடல்பாசி. கடையில் ‘சைனா கிராஸ்’ என்று கேட்டு வாங்கும் அகர் அகர்தான் அதன் மூலப்பொருள். ஆய்வகத்தில் கிருமிகளை வளர்க்கும் தட்டில் இருப்பதும் இதே அகர்தான். ‘ஜெலிடியம்’ போன்ற சிவப்புப் பாசிகளிலிருந்து இது கிடைக்கிறது.

ஆனால், ஜெலிடியத்தில் எது எந்த இனம் என்று கண்ணால் பார்த்துச் சொல்வது பெரும் தலைவலி. ஒரே இனம் இடத்துக்கு இடம் வேறு மாதிரி வளரும். வெவ்வேறு இனங்கள் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு சாட்சி உண்டு. புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, அதன் மாதிரி ஒன்றை உலர்த்தி, காகிதத்தில் ஒட்டி, உலர்தாவரக் காப்பகத்தில் வைப்பார்கள். இதற்கு ‘வகை மாதிரி’ என்று பெயர். வைத்த பெயர் அந்த மாதிரிக்கே சொந்தம். சிக்கல் என்னவென்றால், ஆண்டுகள் ஆக ஆக அதிலுள்ள டி.என்.ஏ துண்டு துண்டாக உடைந்துவிடும். இன்றைய கருவிகளோ அந்தத் துண்டுகளையே படிக்கின்றன. கணினி அவற்றைக் கோத்துத் தருகிறது.

கா ஹுன் பூ, ஜெஃப்ரி ஹியூகி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016-ல் இப்படித்தான் ஜெலிடியம் மற்றும் அதன் உறவுப் பாசிகளின் 10 வகை மாதிரிகளைப் படித்தார்கள். ஒவ்வொன்றிலும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ-வை முழுமையாக, அதாவது 25,000-க்குச் சற்றுக் குறைவான எழுத்துகளை மீட்டார்கள்.

அப்போது ஓர் ஆள்மாறாட்டம் வெளியே வந்தது. கலிஃபோர்னியப் பாசி ஒன்றுக்கு, அயர்லாந்தின் வில்லியம் ஹார்வி 1853-ல் ‘ஜெலிடியம் கூல்டெரி’ என்று பெயர் வைத்தார். 1927-ல் நதானியேல் கார்ட்னர் ‘ஜெலிடியம் சினிகோலா’ என்று இன்னொன்றை அறிவித்தார். இரண்டையும் அடையாளம் காட்டும் மரபணுக்கள் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தன. முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. ‘சினிகோலா’ கழன்றுகொண்டது.

அப்படியானால், ‘சினிகோலா’ என்று இத்தனை காலம் அழைக்கப்பட்ட இன்னொரு பாசி? அது பெயரே இல்லாத தனி இனம்! பாசி ஆய்வாளர் பால் கேப்ரியல்சனைச் சிறப்பிக்கும் வகையில் அதற்கு ‘ஜெலிடியம் கேப்ரியல்சோனி’ என்று பெயர் சூட்டினார்கள்.

வெறும் பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. எது எங்கே வளர்கிறது, எது குறைந்துவருகிறது, எதை அறுவடை செய்யலாம் என்ற கணக்கெல்லாம் பெயரை வைத்துத்தான். பெயர் தவறினால் கணக்கும் தவறும்.

ஒவ்வொரு சோதனைக்கும் வகை மாதிரியிலிருந்து சிறு துண்டு எடுத்தாக வேண்டும். எடுத்தது திரும்பி வராது. அதனால், காப்பகங்கள் யோசித்துத்தான் அனுமதி தருகின்றன.

டி.என்.ஏ-வின் வடிவம் தெரியவந்ததே 1953-ல்தான். அதற்கும் முன்பே கார்ட்னர் காப்பகத்தில் சேர்த்துவைத்த பாசி, கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் கழித்து அவர் வைத்த பெயரையே திருத்தியிருக்கிறது.