உப்பிய பாட்டரி

ஆலைகள் சூழ்ந்த எங்கள் மண்ணூரில், சென்ற கோடையில் கல்லூரி மாணவன் ஒருவன் தன் மடிக்கணினியைக் கொணர்ந்தான். பாட்டரி உப்பி, விசைப்பலகை மேடிட்டிருந்தது. “ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றட்டுமா, ஐயா?” என்றான். நல்ல வேளை, குத்துமுன் கேட்டான்!

உள்ளிருப்பது வெறுங் காற்றன்று. லித்திய உப்பு கரைந்த, எளிதில் தீப்பற்றும் திரவமொன்று பாட்டரியினுள் உண்டு. முதுமையாலும் வெப்பத்தாலும் மிகை மின்னேற்றத்தாலும் அது சிதைந்து, கரியமில வாயு முதலிய வாயுக்களை வெளியிடுகிறது. நேர்முனைத் தகட்டையும் எதிர்முனைத் தகட்டையும் பிரித்து நிற்பதோ தலைமயிரினும் மெல்லிய சவ்வு. ஊசி அதனைத் துளைத்தால் இரண்டும் தொட்டுக்கொள்ளும். கணத்தில் தீ மூளும்.

கணினியை அணைத்து, மின்கம்பியை அகற்றி, எரிபொருள் ஏதும் அருகில்லாத சிமெண்டுத் தரையில் வைக்கச் செய்தேன். மறுநாள் பழுதுபார்ப்பவர் பாட்டரியைப் பதமாகக் கழற்றினார். அதைக் குப்பையில் எறிதல் ஆகாது. பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறுவது உற்பத்தியாளர் பொறுப்பென 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள் கூறுகின்றன.